வெயில் காலத்துப் பட்டாணி

பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த எக்ஸ்ரே அறையில் அவள் வேலை பார்த்தாள். எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிச் சொல்லி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் டிவி ரிமோட்டைக் கேட்டால்கூட, கேட்கப்பட்டவர் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

ஏளனம் அவளுக்குப் பிறவிக் குணம். யாராவது பெருமையாக எதையாவது சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய மேலுதடு இடது பக்கமாகக் கொஞ்சம் தூக்கும். சொல்ல வந்தவருக்குப் பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இந்த உதட்டுக்காக அடி வாங்கியிருக்கிறாள். பெண் பார்க்க வந்தபோது அவளுடைய அம்மா, "இன்னிக்கு ஒரு நாளாவது அந்த உதட்டை அடக்கி வைடி" என்று கெஞ்சினாள். அன்றைக்கு அடக்கினாள். அதற்கப்புறம் அடக்கவில்லை.

கணவர் ஒரு பெயின்ட் கம்பெனியில் கிளை மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போனாலும் பட்டம் போகவில்லை. குடியிருப்பின் காவலாளி முதல் பால் போடுகிறவர் வரை அவரை "மேனேஜர் சார்" என்றே கூப்பிட்டார்கள். மேனேஜ் செய்யத்தான் ஆளில்லை. அதனால் ஓய்வு பெற்ற கையோடு வீட்டை மேனேஜ் செய்ய ஆரம்பித்தார். திரைச்சீலையை மாற்றினார், செருப்பு வைக்கும் இடத்தை மாற்றினார், குளியலறை வாளிகளை அளவு வாரியாக அடுக்கினார். அவளுடைய உதடு தூக்கியபடியே இருந்தது.

சமையலறைக்கு அவர் வரமாட்டார் என்று நம்பியிருந்தாள். திருமணமாகி முப்பது வருஷத்தில் சமையலறைக்குள் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் தண்ணீர் பாட்டில் இருக்கும் இடம். ஆனால் ஒரு நாள் அவர் கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்தார். அந்தந்தப் பருவத்தில் விளைவதை அன்றன்றைக்கு வாங்கி அன்றைக்கே சமைத்துச் சாப்பிட்டால் உடம்பு இரும்பாக இருக்கும் என்று, தாடி வைத்த ஒருவர் அதில் சொன்னாராம். மறுநாளே கீழே பூங்காவில் நடக்கும் ஓய்வு பெற்றவர்களையெல்லாம் கூட்டி "பசுமைக் குழு" என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். தலைவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரமே, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஃபிரிட்ஜைத் தூக்கித் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

மாலை வீட்டுக்கு வந்தவள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. கீழே ஒட்டடையும், எப்போதோ உருண்டு போய்க் காய்ந்த ஒரு எலுமிச்சம்பழமும்.

"என்னங்க, இங்க இருந்தது எங்க?"

"பிணவறைம்மா அது. செத்த காயையெல்லாம் அடுக்கி வைக்கிற இடம். இனிமே நம்ம வீட்ல எல்லாமே உயிரோட இருக்கறதுதான். தினமும் காலைல நானே மார்க்கெட் போறேன். உனக்கு அலைச்சலே கிடையாது."

"வாங்கறது நீங்க. சமைக்கிறது?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது. "ஏன், எப்பவும் போலத்தான்" என்றார்.

தங்கையிடமிருந்து அன்றிரவே போன் வந்தது. "அண்ணி, உங்க மனசு யாருக்கு வரும்! ஐஸ் என்னமா உறையுது தெரியுமா!"

"உறையும், உறையும்" என்றாள் அவள். "நல்லா உறைஞ்சு கிடக்கட்டும்."

அடுத்த விடுமுறை நாளில் மேனேஜர் அவளைக் கட்டாயப்படுத்தி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். தான் காய் வாங்கும் அழகை அவள் பார்க்க வேண்டுமாம். அவளும் பார்த்தாள். பூசணிக்காயைத் தூக்கிக் காதில் வைத்து விரல் முட்டியால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பீன்ஸை ஒன்று ஒடித்து அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினார். இன்னொன்று ஒடித்தார். தக்காளியின் காம்பை முகர்ந்தார். கத்திரிக்காயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் பார்க்கும் டாக்டர் மாதிரி. அவருக்குப் பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள்.

கடைக்காரம்மா இடுப்பில் கையை வைத்தாள். "சார், பொண்ணு பாக்க வந்தீங்களா, காய் வாங்க வந்தீங்களா?"

அக்காவுக்கு அந்த அம்மாளை அங்கேயே பிடித்துப் போயிற்று.

"காய்னா உயிர்ம்மா. பாத்துத்தான் வாங்கணும்" என்று மேனேஜர் ஆரம்பித்தார். பருவம், மண், வேர், சத்து என்று அவர் பேசிக்கொண்டே போக, அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே நேற்றைய வாடல் கீரையில் இரண்டு கட்டு எடுத்துப் பையில் போட்டாள். அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள். வீட்டுக்குப் போய் அவர் கண்ணெதிரே அந்தக் கட்டைப் பிரிக்கப்போகும் சுகத்தை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

வெயில் ஏற ஏற வீடு நாறியது. காலையில் வாங்கிய பால் மதியம் திரிந்தது. மேனேஜருக்குக் கொஞ்சமாக வாங்கத் தெரியாது. பெயின்டை டின் டின்னாக விற்றவருக்குப் பூசணியைக் கீற்றாக வாங்குவது கௌரவக் குறைச்சலாக இருந்தது. முழுசாக வாங்கினார். இரண்டு பேருக்கு ஒரு முழுப் பூசணி. சூப்பில் பூசணி, ரொட்டிக்குப் பூசணி, சோற்றுக்குப் பூசணி. மீந்ததை மறுநாள் காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டியவள் அவள்தான். வேலைக்குப் போகுமுன் நறுக்கி, வந்து நறுக்கி, அவள் கட்டைவிரலில் கத்தித் தழும்பு கறுத்துப் போயிற்று.

அவள் நறுக்கும்போது மேனேஜர் சமையலறை வாசலில் சாய்ந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். வாசல்தான் அவருடைய அலுவலகம்.

"தோலைச் சீவாதே. சத்தெல்லாம் தோல்லதான்."

"அப்ப நீங்க தோலைச் சாப்பிடுங்க. நான் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கறேன்."

"அடுப்பைக் குறைச்சு வை. உயிர்ச்சத்து போயிடும்."

"என் உயிர்தாங்க போகுது."

எக்ஸ்ரே அறையில் அவளோடு வேலை பார்த்த உதவியாளர் நல்ல மனிதர். "அக்கா, இந்த வயசுல குடிச்சிட்டு வராம காய் வாங்கிட்டு வர்றாரே, சந்தோஷப்படுங்க" என்றார்.

"குடிச்சிருந்தா ஒரு மூலைல படுத்திருப்பாரு" என்றாள். "இது பேசுதே!"

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை பசுமைக் குழுவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். பருவ விருந்தாம். எட்டுப் பேர்.

"யார் சமைக்கிறதா சொன்னீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "பொதுவா... நான்தான் சமைக்கிறேன்னு அவங்களே நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தலைவர் இல்லையா? நான் மறுத்துப் பேசலை."

"நல்லது. ஞாயித்துக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. மதியம் வந்து நானும் உக்காந்து சாப்பிடறேன். எனக்கும் ஒரு தட்டு போடுங்க."

"விளையாடாதே."

"நான் என்னிக்கு விளையாடியிருக்கேன்?"

டியூட்டி உண்மைதான். ஆனால் மாற்றிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் மேனேஜர் அவள் பின்னாலேயே சுற்றினார். அவள் துணி மடித்தாள், நகம் வெட்டினாள், செய்தித்தாள் படித்தாள். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு மதியம் கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது. பிரமாதமான வாசனை. கூடத்தில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் வீட்டிலுள்ள நல்ல பாத்திரங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. மேனேஜர் அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏப்ரனில் ஒரு கறைகூட இல்லை.

அவள் கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். நறுக்கும் பலகை காய்ந்து கிடந்தது. கத்தி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. குப்பைத் தொட்டியைத் திறந்தாள். பத்துப் பேருக்குச் சமைத்த வீட்டில் ஒரு வெங்காயத் தோல் இல்லை. கீழே, செய்தித்தாள் போட்டு மூடிய இடத்தில், ஓட்டல் டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தன. அடுக்குவதில் மட்டும் மனிதர் கெட்டி.

அவள் வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டில் முதலில் விழுந்தது பச்சைப் பட்டாணி. கூடவே காலிஃபிளவர். இரண்டும் குளிர் காலத்துக் காய்கள். வெளியே தார் உருகுகிற வெயில்.

"ஆஹா!" என்றார் இன்ஷூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். "இதுக்குப் பேர்தான் பருவச் சமையல். பட்டாணியைப் பாருங்க, இப்பதான் செடிலேர்ந்து பறிச்ச மாதிரி!"

"கடையில வாங்கற சாப்பாட்டுக்கும் இதுக்கும் நாக்கிலேயே வித்தியாசம் தெரியுது" என்றார் பேங்க்காரர். கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

அக்கா ஒரு வாய் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். "என்னங்க" என்றாள், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வெயில்ல பட்டாணி எங்க கிடைச்சுது?"

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் இடித்தது. "அது... மலைப் பக்கத்துலேர்ந்து..."

அவர் முடிப்பதற்குள் இன்ஷூரன்ஸ்காரர் குறுக்கே வந்தார். "மலைல எப்பவும் குளிர்தானேம்மா. அங்க அதுக்குப் பருவம் இதுதான்." பேங்க்காரரும், "உங்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை" என்று அன்பாகச் சொன்னார். எட்டுத் தலைகளும் ஆடின. அதுவரை அவளுடைய ஏளனம் முழுவதும் மேனேஜருக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது அதை ஒன்பதாகப் பங்கு போட வேண்டியிருந்தது.

"சமையல் குறிப்பு சொல்லுங்களேன்" என்று டீச்சராக இருந்த அம்மாள் கேட்டாள். "முதல்ல வெங்காயம் வதக்கினீங்களா, பட்டாணியா?"

"ரெண்டும்... ஒண்ணா."

"ஒண்ணாவா! எவ்வளவு நேரம்?"

"அது... வேகற வரைக்கும்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். ஆற்றோடு போகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை. அவள் இன்னொரு கரண்டி பட்டாணி போட்டுக்கொண்டாள்.

காட்டிக் கொடுத்திருக்கலாம். டப்பாக்களை எடுத்து வந்து மேசை மேல் வைத்தால் போதும். ஆனால் அந்த எட்டுப் பேருக்கு முன்னால் அவரை அவமானப்படுத்தினால், நாளைக்கு அவளைப் பற்றியும் பேசுவார்கள். அவர்கள் வாயில் போய் விழுகிற அளவுக்கு அவர்களை அவள் மதிக்கவில்லை. அதனால் சும்மா இருந்தாள். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கை கழுவி வந்த டீச்சரம்மாள், "அடுத்த மாசம் நீங்க பொது மண்டபத்துல எங்க கண்ணு முன்னாலேயே சமைச்சுக் காட்டணும், நாங்க கத்துக்கணும்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார், வேறு வழியில்லாமல்.

கூட்டம் கலைந்ததும் அவர் சோபாவில் தொப்பென்று விழுந்தார்.

"டப்பாவைப் பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சொல்றேன். இந்த வாரத்துக்குள்ள வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வரணும்."

தங்கையிடம் கேட்டுப் பார்த்தார். "கொடுத்ததைக் கேக்கறியே அண்ணா" என்று அவள் அழுதுவிட்டாள். புதிதாகவே வாங்கினார். வந்த அன்றே அக்கா ஒரு வாரத்துக் காயையும் வாங்கி உள்ளே அடுக்கிவிட்டாள்.

ஆனால் பொது மண்டபம் காத்திருந்தது. "கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று அவர் கேட்டபோது, "எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? அதோ அடுப்பு" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஒரு மாதம் அந்த வீட்டுச் சமையலறையில் நடந்ததை ஒரு விபத்துப் பிரிவில் பதிவு செய்யலாம். முதல் நாள் கத்திரிக்காயை எண்ணெய் இல்லாமல் வதக்கி வாணலியோடு ஒட்ட வைத்தார். அடுத்த நாள் உப்பை இரண்டு தடவை போட்டார். பீன்ஸ் நறுக்கும்போது விரலைச் சேர்த்து நறுக்கினார். கொதிக்கும் தக்காளி தெறித்து முழங்கையில் கொப்புளம் வந்தது. அவள் மருந்து போட்டுவிட்டாள், ஒரு நோயாளிக்குப் போடுகிற மாதிரி. "ஆடாதீங்க" என்றாள். அவர் சமைத்ததையெல்லாம் ஒரு வாய் வைத்துப் பார்ப்பாள். உதடு தூக்கும். தட்டு நகரும். அவர் அந்தத் தட்டை இழுத்துத் தானே சாப்பிடுவார். விட்டுவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். விடவில்லை. வாளி அடுக்கிய அதே பிடிவாதம்.

மார்க்கெட்டிலும் ஆள் மாறிப்போனார். பூசணியைக் காதில் வைப்பதில்லை. "எங்கிட்ட அரைக் கிலோ தக்காளி இருக்கு, அதோட சேர்றது என்ன இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். கடைக்காரம்மாவே ஒரு நாள் அக்காவிடம், "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா? பேசவே மாட்டேங்கறாரு" என்று விசாரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அவர் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்ப் பிஞ்சுக் கத்திரிக்காயும், வெயிலில் நன்றாகப் பழுத்த தக்காளியும், சின்ன வெங்காயமும், கொத்தமல்லியும் வாங்கி, ஒற்றை அடுப்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அவள் டியூட்டிக்குப் போனாள்.

மண்டபத்துக்கு ஒருவரும் வரவில்லை. பசுமைக் குழு அந்த மாதத்துக்குள் சைக்கிள் குழுவாக மாறியிருந்தது. இன்ஷூரன்ஸ்காரர் தலைவர். அன்றைக்குக் காலை எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போய்விட்டார்கள். டீச்சரம்மாள்கூட. மேனேஜருக்குச் சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை. காவலாளி மட்டும் எட்டிப் பார்த்து, "என்ன சார், கரண்ட் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

மேனேஜர் வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் சமைத்தார். சமைத்து முடித்துப் பாத்திரத்தை மூடி வீட்டுக்கு எடுத்து வந்தார்.

மதியம் அவள் வந்தபோது மேசை மேல் சோறும் அந்தப் பாத்திரமும் இருந்தன. நடந்ததை அவர் சொன்னார். குரலில் வருத்தத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சைக்கிள்காரர்களைப் பற்றி நாக்கு நுனியில் நாலு வார்த்தை நின்றது. பசி. முதலில் சாப்பிடலாம் என்று ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

நன்றாக இருந்தது.

கத்திரிக்காய் குழையாமல் வெண்ணெயாக வெந்திருந்தது. தக்காளியின் புளிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் ஒன்றையொன்று மிதிக்காமல் நின்றன. கொத்தமல்லியைக் கடைசியில்தான் தூவியிருக்கிறார். முப்பது வருஷமாக அவசர அவசரமாகப் பொங்கிக் கொட்டிவிட்டு ஓடிய அவளுக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. உதட்டைத் தூக்கப் பார்த்தாள். தூக்கவில்லை.

"எப்படி?" என்றார்.

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவாமலே அவரைப் பார்த்தாள். கோபத்தில் அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒரு மாசத்துல வந்துடுச்சு இந்தக் கை" என்றாள். "நம்ம பொண்ணுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து, நான் ராத்திரி டியூட்டியும் பாத்து, காலைல வந்து ரொட்டி சுட்டேனே, அப்ப இந்தக் கை எங்க இருந்தது? எனக்கு ஆபரேஷன் பண்ணி ஆறாம் நாளு அடுப்படில நின்னேனே, அப்ப எங்க இருந்தது? எட்டுப் பேர் கை தட்டணும்னா ஒரு மாசம் போதும். எனக்குன்னா முப்பது வருஷம் பத்தலை, இல்ல?"

பேச்சுக்குப் பஞ்சமில்லாத அந்த மேனேஜர் எழுந்து, அவளுடைய தட்டையும் தன்னுடைய தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்ததும் சமையலறைக்குள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மேனேஜர் காலையில் மார்க்கெட்டுக்குப் போனார், வந்தார், தனக்குத் தெரிந்ததைச் சமைத்தார். ஒரு நாள் நன்றாக இருந்தது, இரண்டு நாள் சகிக்கவில்லை. சகிக்காத நாட்களில் அவள் பழையபடி உதட்டைத் தூக்கினாள். நன்றாக இருந்த நாட்களில் தட்டைக் காலி செய்தாள். பாராட்டு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

வேறு ஊரில் இருந்த மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவே தினமும் ஃபிரெஷ்ஷா வாங்கி சமைக்கிறாராமே! அத்தை சொன்னாங்க. எனக்கு அப்படியே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா!"

"நான் சமைச்சப்ப எத்தனை தடவைடி உனக்குக் கண்ணுல தண்ணி வந்தது?"

"வெங்காயம் நறுக்கும்போது வந்திருக்கும்மா" என்றாள் மகள் மெதுவாக.

அக்கா சிரித்துவிட்டாள். அவளுடைய பெண்தான், சந்தேகமில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. "இந்தா, கொஞ்சம் வந்து உப்புப் பாரேன்!"

அவள் காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள். "நீங்களே பாருங்க. நான் போன்ல இருக்கேன்."